இரை உள்ளவரை

ஜொகூரின் மண் எலும்பைச் சேர்த்து வைப்பதில்லை. காட்டில் செத்து விழும் யானையின் தொடை எலும்பைக்கூட ஈரமும் அமிலமும் வேரும் கறையானுமாகச் சேர்ந்து தின்று தீர்த்துவிடும். பேராக்கின் தம்பூனில் பழைய நீர்யானையின் எலும்பு கிடைத்ததும், சிலாங்கூரில் நாம் காவடி எடுத்து ஏறும் அதே பத்துமலைக் குன்றில் ஒராங் ஊத்தானின் பற்கள் கிடைத்ததும் அங்குள்ள சுண்ணாம்பினால்தான். சுண்ணாம்புக் குகை அமிலத்தை முறித்து எலும்பைக் காக்கிறது. தெற்கே குனோங் லேடாங் கருங்கல், குனோங் பாந்தி மணற்பாறை, எண்டாவ் ரொம்பின் எரிமலைப் பாறை. இந்த மாநிலத்தில் எத்தனை லட்சம் ஆண்டுகள் எந்தெந்த விலங்குகள் நடந்தன என்பதற்கு மண் சாட்சி சொல்லாது. சாட்சிக்குக் கடல் தாண்டிப் போகவேண்டும்.

அந்தக் கடலும் நிரந்தரமானதல்ல. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனிக்காலம் உச்சத்தில் இருந்தபோது, கடல்மட்டம் இன்றைக்குக் காட்டிலும் 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. ஜொகூர் நீரிணை அப்போது இல்லை. சுமாத்ரா, ஜாவா, போர்னியோ மூன்றும் மலாயாவோடு ஒட்டிய ஒரே பெருநிலம். சுண்டா நிலம் என்று அதைச் சொல்கிறார்கள். இன்று மெர்சிங்குக்கு வடக்கே தென்சீனக் கடலில் விழும் எண்டாவ் ஆறு, அன்று இன்றைய கடலடியின் மேல் நெடுந்தூரம் ஓடிய பிறகே கடலைக் கண்டிருக்கும். பனிக்காலம் ஒருமுறை வந்து போனதல்ல. கடல் பலமுறை இறங்கியது, பலமுறை ஏறியது. இறங்கிய காலங்களிலெல்லாம் யானையும் மானும், அவற்றின் பின்னால் அவற்றைத் தின்பவையும் வடக்கிலிருந்து தெற்கே நடந்தன. ஆசியாவின் பெருநிலத்திலிருந்து ஜாவாவுக்கு நடந்துபோன விலங்குக்கு இந்தத் தீபகற்பமும் அதன் கிழக்கே விரிந்து கிடந்த சமவெளியும்தான் வழி.

ஜாவாவின் சங்கிரானில் ஆதிமனிதனின் எலும்புகளைத் தேடிக்கொண்டிருந்த கோனிக்ஸ்வால்ட், 1934இல் ஒரு வாள்பல் பூனையை விவரித்துப் பெயரிட்டார். ஹெமிமக்கைரோடஸ் என்று இன்று அதை அழைக்கிறார்கள். அதே தீவில் ஹோமோதேரியம் என்ற மற்றொரு வாள்பல் பூனையும் இருந்தது. புலியும் இருந்தது. திரினிலில் கிடைத்த புலியின் எலும்புகளுக்கு, ஜாவா மனிதனைக் கண்டெடுத்த யூஜின் துபுவா 1908இல் பெயர் வைத்தார். பத்து லட்சம் ஆண்டு அளவுக்குப் பழமையானவை அவை. ஆக இரண்டு வகை வாள்பல் பூனைகள், புலி, மெரியமின் நாய் என்று சொல்லப்படும் பெரிய காட்டுநாய், போதாக்குறைக்குக் கல்லாயுதம் ஏந்திய ஆதிமனிதன். இத்தனை பேர் ஒரே தீவின் இரையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். ரெபெக்கா வோல்மர், கிறிஸ்டின் ஹெர்ட்லர், அலெக்ஸாண்ட்ரா வான் டெர் கீர் ஆகிய மூவரும் 2016இல் இதை எடுத்து ஆராய்ந்தார்கள். ஒவ்வொரு வேட்டைவிலங்கும் என்ன எடை, அந்த எடைக்கு எந்த அளவு இரையை அடிக்கும், யாருடைய தட்டில் யார் கைவைத்தார்கள் என்பதே அவர்களுடைய கேள்வி. இந்த வகையில் கேள்வி கேட்பவர்களிடம் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. பல்லைக் கண்டு மிரண்டு நின்றுவிடாமல், அந்தப் பல் எதைத் தின்றது என்று அவர்கள் கேட்கிறார்கள்.

இந்தியாவின் பக்கம் இந்தக் கதை இன்னும் பழையது. சஹாரன்பூர் தாவரத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட ஹியூ ஃபால்கனரும், கங்கைக் கால்வாயை வெட்டிய பொறியாளர் ப்ரோபி காட்லியும் 1830களில் சிவாலிக் குன்றுகளிலிருந்து மூட்டை மூட்டையாக எலும்புகளை எடுத்தார்கள். மெகாந்தேரியன் என்ற வாள்பல் பூனையின் ஓர் இனம் ஃபால்கனரின் பெயரையே தாங்குகிறது. சிவாலிக்கிலும் ஜாவாவிலும் இருந்த கூட்டம் நடுவில் இருந்த மலாயாவை மட்டும் விட்டுவைத்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. கையில் பல் இல்லாததால் அதை நிரூபிக்க முடியாது, அவ்வளவுதான்.

வாள்பல் பூனை என்றதும் எல்லார் மனத்திலும் வருவது அமெரிக்காவின் ஸ்மைலோடன். பிரேசிலின் லகோவா சாந்தா குகைகளில் கிடைத்த எலும்புகளைக் கொண்டு பீட்டர் வில்லெம் லுண்ட் 1842இல் பெயர் வைத்த விலங்கு. லாஸ் ஏஞ்சலஸ் நகரின் நடுவே உள்ள லா பிரேயா தார்க்குட்டைகளில் மட்டும் 2,000க்கும் மேற்பட்ட ஸ்மைலோடன்களின் எலும்புகள் கிடைத்துள்ளன. தாரில் சிக்கிய இரையைத் தின்ன வந்து தாமும் சிக்கியவை. தென்னமெரிக்காவில் வாழ்ந்த பெரிய இனம் 400 கிலோவை எட்டியதாக மதிப்பிடுகிறார்கள். அதன் மேற்கோரைப்பல் வேரோடு சேர்த்து 28 சென்டிமீட்டர். பொதுப்பேச்சில் வாள்பல் புலி என்று சொல்கிறோம். புலிக்கும் அதற்கும் நேர் உறவில்லை. இரண்டின் வழிகளும் ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டன. ஒன்றின் வாரிசு மற்றொன்றல்ல. ஒரே வீட்டில் சில காலம் குடியிருந்த தூரத்து உறவினர்கள்.

இந்தப் பல்லைப் பற்றி நிதானமாகச் சொல்லவேண்டும். அதைப் பலத்தின் அடையாளமாக எண்ணியே நாம் பழகிவிட்டோம். உண்மை வேறு. சிங்கத்தின் கோரைப்பல் உருண்டை. எலும்பில் பட்டாலும், பிடிபட்ட மாடு எந்தப் பக்கம் துள்ளினாலும் தாங்கும். வாள்பல்லோ பக்கவாட்டில் தட்டையானது. பல இனங்களில் ஓரத்தில் நுண்ணிய ரம்பம் வேறு. பால்மரம் சீவிப் பழகியவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை: பட்டையை அவ்வளவு நேர்த்தியாக வழித்தெடுக்கும் கத்தி மரக்கட்டையில் பாய்ந்தால் வாய் போய்விடும். வாள்பல்லும் மென்சதைக்கு மட்டுமே ஆனது. துள்ளும் இரையின் எலும்பில் இறங்கினால் முறியும். முறிந்த பற்களும் லா பிரேயாவில் கிடைத்திருக்கின்றன.

ஆகவே உடம்பு முழுவதும் அந்தப் பல்லுக்குச் சேவகம் செய்தது. பல் நீளமானால் வாய் அகலத் திறக்கவேண்டும். சிங்கத்தின் வாய் 65 பாகை அளவுக்குத் திறக்கும். ஸ்மைலோடனுடையது ஏறத்தாழ 120 பாகை. அவ்வளவு திறக்கவேண்டுமானால் தாடைத்தசை நீண்டு இழுபடவேண்டும். இழுபடும் தசைக்குக் கடிவிசை குறையும். காலின் மெக்ஹென்றியும் உடன் ஆய்வாளர்களும் 2007இல் கணினியில் மண்டையோட்டை மாதிரியாக்கிக் கணக்கிட்டபோது, ஸ்மைலோடனின் கடி சிங்கத்தின் கடியில் மூன்றில் ஒரு பங்கு அளவே வந்தது. மிச்ச பலம் கழுத்திலிருந்து வந்தது. முன்கால்கள் கரடிபோலப் பருத்தவை. அவற்றால் இரையைத் தரையோடு அமுக்கி, அசையவிடாமல் பிடித்து, தலையைக் கீழ்நோக்கி இறக்கித் தொண்டையைக் கிழிப்பது அதன் முறை. ஓடித் துரத்துவது அதற்கு ஆகாது. பாய்ந்து கட்டிப்பிடிக்கும் விலங்கு அது.

அந்தப் பல் முளைக்கும் காலமும் நீளம். ஸ்மைலோடனின் நிலைப்பல் மாதத்துக்கு 6, 7 மில்லிமீட்டர் என்று வளர்ந்தது. சிங்கத்தைவிட ஏறத்தாழ இரு மடங்கு வேகம். அப்படியும் முழுநீளத்தை எட்ட மூன்று ஆண்டுகள் ஆயின. பாற்பல் விழாமல் நிலைப்பல்லின் பக்கத்திலேயே மாதக்கணக்கில் நின்று அதற்கு முட்டுக்கொடுத்தது என்று அண்மைக்கால ஆய்வு ஒன்று சொல்கிறது. மூன்று ஆண்டுகள் தாய் அடித்துப் போட்டதைத் தின்று வளரவேண்டிய குட்டி என்றால், அத்தனை காலமும் தாய்க்கும் குட்டிக்கும் சேர்த்துப் பெரிய இரை தவறாமல் கிடைத்தாகவேண்டும். வாள்பல்லைப் பற்றி எனக்குச் சொல்ல இருக்கும் ஒன்று இதுதான். அந்தப் பல் விலங்கின் சொந்தச் சொத்தல்ல. காட்டில் நிறைந்திருந்த இரை கொடுத்த கடன் அது.

இதே கடன் உலகில் பலமுறை கொடுக்கப்பட்டிருக்கிறது. டைனோசர்களுக்கும் முன்னால், 25 கோடி ஆண்டுகளுக்கு அப்பால், கோர்கோனாப்சியன்கள் என்ற விலங்குகளுக்கு இந்தப் பல் இருந்தது. பூனைக்குடும்பம் தலையெடுக்குமுன் நிம்ராவிட்கள் என்ற போலிப்பூனைகளுக்கு இருந்தது. தென்னமெரிக்காவில் பைப்பாலூட்டிகளுக்கு நெருங்கிய தைலக்கோஸ்மைலஸ் என்ற விலங்குக்கும் இருந்தது. ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவில்லாத கூட்டங்கள். பெரிய இரை பெருகிய இடத்தில் யாருக்காவது அந்தப் பல் முளைத்தது. இரை அருகியபோது முதலில் போனவர்களும் அவர்களே. குட்டைப்பல் விலங்கு எலி, முயல், குரங்கு, அழுகல் என்று எதையாவது தின்று ஒரு பஞ்சத்தைத் தாண்டிவிடும். வாள்பல்லுக்கு அந்த வசதி குறைவு.

டெக்ஸாஸின் ஃப்ரீசன்ஹான் குகையில் ஹோமோதேரியத்தின் எலும்புகளோடு மம்மத் குட்டிகளின் பாற்பற்கள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. குட்டிகளை அடித்துக் குகைக்கு இழுத்து வந்திருக்கிறது. லா பிரேயா பற்களின் தேய்மானத்தையும் வேதிக்கூறுகளையும் ஆராய்ந்த லரிசா டிசான்டிஸ் 2019இல் வேறு ஒரு படத்தைத் தந்தார். ஸ்மைலோடன் திறந்த புல்வெளியில் காட்டெருமை துரத்தியது என்று எண்ணியிருந்தோம். மரங்களுக்கிடையே இலை மேயும் மான், தப்பிர் போன்றவற்றையே அது விரும்பி அடித்தது என்கிறார். இதைப் படித்தபோது எனக்கு லாஸ் ஏஞ்சலஸ் திடீரென்று அருகில் வந்தது. தப்பிர் இன்னமும் எண்டாவ் ரொம்பினில் இருக்கிறது. கறுப்பு வெள்ளை உடம்போடு இரவில் ஆற்றோரத்தில் இலை மேய்கிறது. கடமான் கொஞ்சம் இருக்கிறது. கோத்தா திங்கியிலும் குளுவாங்கிலும் யானைக்கூட்டங்கள் குட்டிகளோடு செம்பனைத் தோட்டங்களில் இறங்குகின்றன. வாள்பல் பூனையின் சாப்பாட்டுப் பட்டியலில் பாதி ஜொகூரில் இன்னும் உயிரோடு நடமாடுகிறது. பல் மட்டும்தான் இல்லை.

சரியாகச் சொன்னால் அந்தப் பல்லின் சாயலும் இருக்கிறது.

எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவுக்குப் போக காஹாங்கிலிருந்து செம்பனைக்கும் காட்டுக்கும் நடுவே ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் மண்சாலை. முடிவில் கம்போங் பேத்தா, ஜாகூன் பூர்வக்குடியினரின் ஊர். 1977இல் பகாங் பக்கம் இந்தக் காட்டில் மரம் வெட்ட அனுமதி கொடுத்தபோது நாடு முழுவதும் எதிர்ப்பு எழுந்தது. மலாயன் இயற்கைக் கழகம் 1985, 86இல் பெரிய ஆய்வுப் பயணம் ஒன்றை நடத்தி, உள்ளே என்னென்ன உயிர்கள் உள்ளன என்பதைப் பட்டியலிட்டது. ஜொகூர் பகுதி 1993இல் பூங்காவானது. மலேசியாவில் காட்டுக்காகப் பொதுமக்கள் எழுந்து நின்று வென்ற முதல் போராட்டங்களுள் அது ஒன்று. நம் தமிழ்ப் பத்திரிகைகள் அதை நினைவுகூர்வதேயில்லை என்பது எனக்கு வருத்தம்.

அந்தக் காட்டில் வாழ்கிறது மேகச் சிறுத்தை. மலாய்க்காரர்கள் ஹரிமாவ் டஹான் என்கிறார்கள், கிளைப்புலி. பெரிய பெண்விலங்கு 11 கிலோவுக்கு மேல், ஆண் 23 கிலோ வரை. நல்ல தோட்டத்து நாயின் எடைதான். உடம்பில் மேகத் திட்டுகள்போல ஓரம் கறுத்த பெரிய புள்ளிகள். உடம்பளவுக்கு நீளும் வால். பின்கணுக்கால் சுழலக்கூடியது என்பதால் மரத்திலிருந்து தலைகீழாக இறங்கும், கிளையின் அடிப்பக்கத்தில் தொங்கியபடி நடக்கும். வாயைத் திறந்தால்தான் அதன் வரலாறு தெரியும். மண்டையோட்டின் அளவோடு ஒப்பிட, இன்று உயிரோடிருக்கும் பூனைகளில் மிக நீண்ட கோரைப்பல் இதற்குத்தான். 4 சென்டிமீட்டர் அளவு. மண்டையோடு இதைவிட மிகப் பெரிதான புலியின் பல்லோடு வைத்துப் பார்க்கவேண்டும். வாயும் 90 பாகைக்கு அருகில் திறக்கிறது. டென்மார்க்கின் பெர் கிறிஸ்டியன்சன் 2006இல் இதன் மண்டையோட்டை அளந்து, வாள்பல் பூனைகளின் பண்புகள் பலவும் இதில் தொடக்கநிலையில் இருக்கின்றன என்று எழுதினார். இது ஸ்மைலோடனின் வழிவந்ததல்ல. புலியும் சிறுத்தையும் சேர்ந்த கிளையில் பிறந்து, தனியாக, அந்தப் பழைய வடிவத்தின் பக்கமாக ஓரடி எடுத்து வைத்திருக்கும் பிறவி.

ஏன் அந்த ஓரடி என்பதற்குத் தீர்ந்த விடை இல்லை. ஆனால் அது அடிக்கும் இரையைப் பார்த்தால் ஓரளவு விளங்குகிறது. குரங்கு, தேவாங்கு, எறும்புத்தின்னி, காட்டுப்பன்றிக் குட்டி, சருகுமான், கேளையாடு. கிளைமேல் நின்று ஒரு குரங்கைப் பிடிப்பவனுக்கு இரண்டாம் கடிக்கு நேரமில்லை. நழுவினால் இரை நாற்பது அடி கீழே. முதல் கடியே கடைசிக் கடியாக இருக்கவேண்டும். நீண்ட பல் பிடரியில் ஆழ இறங்குகிறது. ஸ்மைலோடன் பெரிய உடம்பை வீழ்த்துவதற்கு வளர்த்த பல்லை, இது உயரத்தில் தவறாமலிருக்க வளர்த்திருக்கிறது. இரண்டு தேவை, ஒரே கருவி. என் அறிவுக்கு இதைவிட அழகான செய்தி இந்தக் காட்டில் இல்லை.

இதைக் கண்ணால் கண்டவர்கள் குறைவு. தானியங்கிப் படக்கருவிகள் இரவில் எடுக்கும் படங்களில்தான் பெரும்பாலும் தென்படுகிறது. போர்னியோவிலும் சுமாத்ராவிலும் வாழ்வது தனி இனம் என்று 2006இல்தான் தெரியவந்தது. அதுவரை எல்லாம் ஒன்று என்றே எண்ணியிருந்தோம். தைவானில் இருந்தது அழிந்துவிட்டது. அங்கே ஆண்டுக்கணக்காகப் படக்கருவிகள் வைத்துத் தேடிப் பார்த்து, இல்லை என்று 2013இல் கைவிட்டார்கள்.

புலிக்கு வருவோம். ஜாவாவில் வாள்பல் பூனைகள் பல லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே மறைந்தன. புலி நின்றது. பனிக்காலங்களைத் தாண்டியது, எரிமலைகளைத் தாண்டியது, கடல் ஏறி நிலம் துண்டான பிறகும் அந்தத் தீவில் நின்றது. கடைசியில் 1970களில் ஜாவாவின் கிழக்கு ஓரத்தில் மேரு பெத்திரிக் காட்டில் அதன் கடைசி உறுதியான தடயங்கள் பதிவாயின. இரண்டு வாள்பல் இனங்களோடு ஒரே காட்டில் இருந்து அவற்றுக்குப் பிறகும் வாழ்ந்த விலங்கை, கரும்பும் தேக்கும் நெல்லும் துப்பாக்கியும் நூறு ஆண்டுகளில் முடித்துவிட்டன.

ஜொகூர் அந்தப் பாதையில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பார்க்க, மாநிலச் சின்னத்தையே எடுத்துக்கொள்ளலாம். இரண்டு பக்கமும் இரண்டு புலிகள் தாங்கி நிற்கின்றன. கூடவே காம்பீரும் மிளகும். காம்பீர் இலையை வேகவைத்துச் சாரெடுக்க விறகு மலைமலையாக வேண்டும். ஒரு தோட்டம் சில ஆண்டுகளில் சுற்றியுள்ள காட்டை அடுப்புக்குத் தின்றுவிட்டு, மண் சலித்ததும் அடுத்த காட்டுக்கு நகரும். 1840கள் முதல் தெமெங்கோங் இப்ராஹிம் சீனத் தலைவர்களுக்கு ஆற்றுக்கு ஆறு உரிமை கொடுத்தார். ஆற்றோரமெல்லாம் காம்பீர் தோட்டங்கள் எழுந்தன. காடும் வெட்டவெளியும் கலந்த ஓரங்களில் பன்றியும் மானும் பெருகின, புலி அங்கே வந்தது, கூலியாட்களை அடித்தது. சிங்கப்பூரில் நாளுக்கு ஒருவரைப் புலி கொல்கிறது என்று அந்நாளில் பேச்சு இருந்தது. ஜொகூரிலிருந்து நீரிணையை நீந்திக் கடந்தே பல புலிகள் அங்கே போயின. அங்கே கடைசிக் காட்டுப்புலி 1930இல் சுவா சூ காங்கில் சுடப்பட்டது. சின்னத்தில் புலியும் காம்பீரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. காட்டில் ஒன்று மற்றொன்றைத் தின்றுகொண்டிருந்தது.

காம்பீருக்குப் பின் ரப்பர் வந்தது. ரப்பரோடு நாம் வந்தோம். இதைச் சுற்றிவளைக்காமல் சொல்கிறேன். குளுவாங், ரெங்கம், லாயாங் லாயாங், லாபிஸ், சிகாமட் என்று ஜொகூரில் தமிழன் குடியேறிய ஊர்களில் பல, அதற்கு முன் புலியின் இரைநிலம். காட்டை வெட்டியவர்கள் கூலிக்கு வெட்டினார்கள். வெட்டச் சொன்னவர் வேறு, லாபம் கண்டவர் வேறு. விடியற்காலை நான்கரை மணிக்குப் பிரட்டுக்கு நின்று, தலையில் விளக்கோடு தனியாக நிரைக்குள் போன பெண்களுக்குப் புலி என்பது கதையல்ல. காட்டோரத்தில் முனீஸ்வரருக்குக் கல் நட்டுச் சூடம் ஏற்றிய பிறகே அவர்கள் உள்ளே போனார்கள். எங்கள் தலைமுறையின் தாத்தா பாட்டிகள் பலரிடமும் ஒரு புலிக்கதை இருந்தது. அந்தக் கதைகளில் பயம் இருந்தது, வெறுப்பு இருந்ததாக நினைவில்லை. அவரும் பிழைக்க வந்தவர், நாமும் பிழைக்க வந்தவர்கள் என்ற தொனியில்தான் சொல்வார்கள்.

1954இல் ஏ. லோக் என்ற அதிகாரி மலாயாவில் ஏறத்தாழ 3,000 புலிகள் இருப்பதாக மதிப்பிட்டார். 2016 முதல் 2020 வரை நடந்த முதல் தேசியக் கணக்கெடுப்பு சொன்ன எண் 150க்கும் குறைவு. மலாயாப் புலி தனிப்பிரிவு என்று மரபணு ஆய்வு உறுதிசெய்து பெயர் வைத்தது 2004இல்தான். பெயர் கிடைத்து இருபது ஆண்டுகளுக்குள் எண்ணிக்கை ஒரு நடுத்தரக் கல்யாண மண்டபத்தின் பாதியைக்கூட நிரப்பாது.

எதனால் என்று கேட்டால் காடு குறைந்தது என்று உடனே சொல்லிவிடுகிறோம். அது பாதிதான். காடு நிற்கும் இடங்கள் பலவற்றிலும் புலி இல்லை. கம்பிக் கண்ணி ஒரு காரணம். மோட்டார் சைக்கிள் பிரேக்குக் கம்பி போதும், ஒரு கண்ணி செய்துவிடலாம். அது புலிக்கு வைத்தது, பன்றிக்கு வைத்தது என்று வேறுபாடு பார்க்காது. தப்பிரையும் யானைக்குட்டியையும் மேகச் சிறுத்தையையும் பிடிக்கும். மற்றொரு காரணம் இரை. கடமானை இறைச்சிக்காக வேட்டையாடித் தீபகற்பத்தில் அருக வைத்துவிட்டோம். வேட்டைக்கான அனுமதியை 2009இல் நிறுத்தியபோது பல காடுகளில் நிறுத்துவதற்கே பெரிதாக எதுவும் மிஞ்சவில்லை. எஞ்சிய காட்டுப்பன்றியை, 2021இல் மலேசியாவுக்குள் நுழைந்த ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் அரித்துக்கொண்டிருக்கிறது. ஒரு காலத்தில் எண்டாவ் ரொம்பினில் வாழ்ந்த சுமாத்ரா காண்டாமிருகம் நாடு முழுவதுமே இல்லாமல் போனது. மலேசியாவின் கடைசிக் காண்டாமிருகமான இமான் 2019 நவம்பரில் சபாவில் இறந்தது. பெரிய இரை ஒவ்வொன்றாகக் கழிகிறது. பல் நீண்டிருந்தாலும் குட்டையாக இருந்தாலும் கடன் கொடுத்தவன் கைவிரித்தால் நிலைமை ஒன்றுதான். புலி வாள்பல்லைவிட நீக்குப்போக்கானது, அதனால் கொஞ்சம் தாமதமாகச் சாகிறது. ஊருக்குள் நாயைத் தேடி வரும் புலி என்று செய்தி வரும்போதெல்லாம் நான் அந்த வரிக்குப் பின்னால் மானில்லாத காட்டைப் படிக்கிறேன்.

நம் பங்கு ஒன்று தனியாக இருக்கிறது. புலிப்பல் கோத்த தாலி பிள்ளைகளின் கழுத்தில் கிடந்ததைச் சங்க இலக்கியத்தில் அகநானூறு காட்டுகிறது. புலிநகம் கட்டிய சங்கிலி இன்றும் ஆண்மைக்கும் காப்புக்கும் அடையாளமாக நம்மவர் பலருடைய ஆசையில் இருக்கிறது. புலியின் பல், நகம், தோல் எதை வாங்குவதும் விற்பதும் வைத்திருப்பதும் மலேசியாவில் குற்றம். 2010ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டுத் தண்டனை கடுமையாக்கப்பட்டது. ஆனால் சட்டம் கழுத்துக்குள் நுழைந்து பார்ப்பதில்லை. அன்று காட்டில் புலிகள் நிறைந்திருந்தன, குறவன் ஒரு பல்லை எடுத்தான். இன்று 150க்கும் குறைவான புலிகளில் ஒன்றின் பல் என்றால், அதை அணிந்த கழுத்தைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபத்தை மறைக்கவேண்டும் என்று தோன்றவில்லை. கோயில் திருவிழாக்களிலும் திருமண வீடுகளிலும் பெரியவர்கள் இதைப் பேசலாம். சாமிக்கு வாகனமாக நிற்கும் விலங்கின் பல்லைப் பறித்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு அந்தச் சாமியையே கும்பிட வருவது சரியில்லை என்று சொல்ல ஒரு பூசாரிக்கு அறிவியல் தேவையில்லை.

2020இல் யாக்கூத்தியாவின் பதியாரிக்கா ஆற்றங்கரையில், உறைந்த மண்ணிலிருந்து ஹோமோதேரியத்தின் குட்டி ஒன்று தோலும் முடியுமாகக் கிடைத்தது. மூன்று வார வயதுக் குட்டி. 35,000 ஆண்டுகளுக்கு மேல் பனியில் கிடந்தது. அலெக்சே லோப்பாட்டினும் உடன் ஆய்வாளர்களும் 2024 நவம்பரில் அதை விவரித்து வெளியிட்டார்கள். அடர்ந்த, கருப்பழுப்பு நிற முடி. அதே வயதுச் சிங்கக்குட்டியைவிட மிகவும் தடித்த கழுத்து. பனியில் நடக்க ஏதுவான வட்டப் பாதம். அதுவரை எலும்பை வைத்து ஓவியர்கள் ஊகித்து வரைந்த விலங்கின் தோலை மனிதர்கள் முதல்முறையாகத் தொட்டார்கள். உலகெங்கும் கொண்டாடினார்கள், நானும் மகிழ்ந்தேன். அந்தப் படத்தை மீண்டும் மீண்டும் பார்த்தேன். அழிந்துபோன ஒன்றின் குட்டியைப் பார்க்க நாம் இத்தனை ஏங்குகிறோம். ஜொகூர் மண் இந்தச் சலுகையை யாருக்கும் தராது. இங்கே போகும் விலங்கின் எலும்புகூட எஞ்சாது. படக்கருவி எடுத்த படங்கள் எஞ்சும், அருங்காட்சியகத்தில் சில தோல்கள் எஞ்சும்.

செய்யவேண்டியவை தெரியாதவை அல்ல. தீபகற்பத்தின் காடுகளை ஒன்றோடொன்று இணைக்கும் மத்தியக் காட்டு முதுகெலும்புத் திட்டத்தில் நான்கு பெரிய காட்டுத்தொகுதிகள் உள்ளன. தென்கோடித் தொகுதி எண்டாவ் ரொம்பினும் குளுவாங் வனவிலங்குக் காடும் சேர்ந்தது. தாளில் அது தொடர்ச்சியாக இருக்கிறது. நிலத்தில் நடுநடுவே சாலையும் செம்பனையும் குறுக்கிடுகின்றன. 2019இல் தொடங்கிய கூட்டுக்காவலில் போலீசும் வனவிலங்குத்துறையும் காட்டுக்குள் ஒன்றாக நடக்கிறார்கள், பூர்வக்குடி இளைஞர்களும் காவலர்களாகச் சேர்ந்திருக்கிறார்கள். கண்ணியைக் கண்டுபிடிப்பதில் ஜாகூன்களின் கண்ணுக்கு ஈடில்லை. அவர்களுடைய வேலை நிரந்தரமாகவேண்டும், சம்பளம் கௌரவமாகவேண்டும், அவர்களுடைய நில உரிமை காகிதத்தில் ஏறவேண்டும். கடமானை வளர்த்துக் காட்டில் விடும் முயற்சிக்குப் புலிக்கு ஒதுக்கும் பணத்தில் பெரும்பங்கு போகவேண்டும் என்பது என் கருத்து. சுவரொட்டியில் மானைப் போட்டால் யாரும் நின்று பார்க்கமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் பேத்தாவிலிருந்து செலாய் வரை இருக்கும் காட்டில் அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்குப் புலியோ மேகச் சிறுத்தையோ இருக்குமா என்பதை மானும் சருகுமானும் காட்டுப்பன்றியும்தான் தீர்மானிக்கப்போகின்றன. அவற்றை எண்ணும் வேலையை இப்போதே, ஆண்டு தவறாமல், தொடங்கவேண்டும்.